நிறம் இல்லாத பூவில் என்ன பார்ப்பது? பழைய கறுப்பு வெள்ளைத் தாவரப் படங்களுக்கு ஒரு அறிமுகம்

பழைய கறுப்பு வெள்ளைச் செடிப் படங்களை யாரிடமாவது காட்டினால் அநேகமாக இந்தக் கேள்விதான் முதலில் வரும்: பூவுக்கு அழகே நிறம்தானே, அதை எடுத்துவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. அதற்கு "கலைக்கண் வேண்டும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் படங்களை ரசிக்கத் தனி ஞானம் எதுவும் தேவையில்லை. எடுத்தவர் எதைக் காட்டுவதற்காக எடுத்தார், கையில் என்ன வைத்துக்கொண்டு எடுத்தார் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். ஏனென்றால் இவற்றில் பெரும்பகுதி ரசிப்பதற்கென்று எடுக்கப்பட்டதே அல்ல. வகுப்பில் பாடம் நடத்த, துணியில் அச்சடிக்கும் பூ வேலைக்கு மாதிரி கொடுக்க, கடற்பாசி வகைகளை அடையாளம் காட்ட என்று ஏதாவது ஒரு வேலைக்காக எடுத்தவை. அந்த வேலை என்னவென்று புரிந்துவிட்டால் படத்தின் அழகைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

கேமரா இல்லாமல் தொடங்கியது

தாவரப் படங்களின் கதை கேமராவுக்கு வெளியே தொடங்குகிறது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் லேகாக் அபி என்று ஒரு பழைய மாளிகை. அங்கே இருந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட். கணிதம், வேதியியல், தாவரவியல் எல்லாம் தெரிந்தவர், படம் வரைய மட்டும் வராது. 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் ஒரு வரைகருவியை வைத்துக்கொண்டு காட்சியைத் தாளில் பிடிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. கை போட வேண்டிய கோட்டை வெளிச்சமே போட்டுவிட்டால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அடுத்த வருடமே சோதனையில் இறங்கிவிட்டார்.

முறை எளிமையானது. நல்ல எழுதுதாளைச் சாதாரண உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, அதன்மேல் சில்வர் நைட்ரேட் கரைசலைப் பூச வேண்டும். இரண்டும் சேர்ந்து தாளின் இழைகளுக்குள் சில்வர் குளோரைடாக மாறும், அது வெயில் பட்டால் கறுத்துப்போகும். அந்தத் தாளின்மேல் ஒரு இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைத்தால் இலை மறைத்த இடம் வெளுப்பாகவே நிற்கும், சுற்றியுள்ள தாள் கறுக்கும். அவ்வளவுதான். பிறகு அது மேலும் கறுக்காமல் நிறுத்த வேண்டும். டால்பாட் அடர்த்தியான உப்புக் கரைசல், பொட்டாசியம் அயோடைடு என்று பலதும் முயன்றார். கழுவும் ரசாயனத்தைப் பொறுத்து படம் மஞ்சளாகவோ, ஊதாவாகவோ, செம்பழுப்பாகவோ மாறும். 1839இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி ஹைப்போவை (சோடியம் தயோசல்ஃபேட் உப்பு) பயன்படுத்தலாம் என்று காட்டிய பிறகுதான் அந்தப் பிரச்சினை ஒழுங்காகத் தீர்ந்தது. அதற்கு முன் அரைகுறையாக நிலைநிறுத்தப்பட்ட பிரிண்ட்களில் பல இன்றைக்கும் வெளிச்சத்தைத் தாங்காது. அருங்காட்சியகங்கள் அவற்றை இருட்டிலேயே பாதுகாக்கின்றன.

இப்போது அப்படி ஒரு இலைப் படத்தை எடுத்துப் பாருங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் பொதுவாக ஓரத்தை மட்டும் பார்ப்பார்கள், "ஆமாம், இலைதான்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். இலை வெளிச்சத்தை முழுக்க மறைக்கிற பொருள் அல்ல. மெல்லிய பரப்பின் வழியாகக் கொஞ்சம் வெயில் ஊடுருவும், தடித்த நரம்பின் வழியாக அவ்வளவு ஊடுருவாது. அதனால் நடுநரம்பு நல்ல வெள்ளையாகவும், கிளை நரம்புகள் அதைவிட மங்கலாகவும், இலைப்பரப்பு இடைப்பட்ட சாயலாகவும் பதிந்திருக்கும். அதாவது நீங்கள் பார்ப்பது இலையின் தோற்றத்தை அல்ல, அதன் தடிமனை! எந்த இடத்தில் இலை கனமாக இருந்தது, எங்கே மெலிந்தது, எங்கே இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன என்பதெல்லாம் அந்தச் சாயல்களில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் இன்னொன்று, அளவு. அந்தப் படம் இலையின் நிஜ அளவு, ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவோ குறையவோ இல்லை, ஏனென்றால் அந்த இலையே அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. 190 வருடத்துக்கு முந்தைய ஒரு இலையின் தொடுதல் தாளில் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம்.

இதே முறையை நீலத்தில் செய்தவர் அன்னா அட்கின்ஸ். கறுப்பு வெள்ளை பற்றிய கட்டுரையில் நீலம் எதற்கு என்று கேட்கலாம். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில் வெள்ளிக்குப் பதில் இரும்பு உப்புகள். வெயிலில் வைத்துத் தண்ணீரில் கழுவினால் அடர்நீலப் பின்னணியில் வெள்ளை உருவம் நிற்கும். பிரிட்டிஷ் கடற்பாசிகளுக்கு ஒரு கையேடு வந்திருந்தது, அதில் படங்கள் இல்லை. அத்தனை நுண்ணிய பாசிகளைக் கையால் வரைவது கஷ்டம் என்பதால் அட்கின்ஸ் பாசியையே தாளில் பரப்பிப் பதித்தார். அதுவும் வரையத் தெரியாதவர் அல்ல, தன் தந்தையின் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குச் சிப்பிகளை 200க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து கொடுத்தவர். 1843 அக்டோபரில் முதல் பகுதி வெளிவந்தது, 1853இல் முடிந்தது. ஒளிப்படங்களைக் கொண்ட உலகின் முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தலைப்பும் விளக்கமும்கூட அவர் கையெழுத்திலேயே அதே நீலத்தில் பதிந்திருக்கும். மெல்லிய பாசிகளில் இழைக்கு இழை வெளிச்சம் ஊடுருவியிருப்பதைப் பார்க்க இவற்றைவிட நல்ல படங்கள் கிடையாது.

பழைய பிளேட்டின் நிறக்குருடு

கேமராவுக்குள் வந்துவிட்டால் ஒரு புதிய சங்கதி சேர்ந்துகொள்கிறது, இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பூப்படங்களைப் பார்த்தால் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் நிறத்தை மட்டும் உருவிவிட்டு வெளிச்சத்தை உள்ளபடியே விட்டுவைத்த படம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்றைய மொபைலில் ஒரு பொத்தானைத் தட்டினால் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிளேட்டில், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகட்டில், பூசிய வெள்ளி உப்புகளுக்கு நீலமும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவும்தான் புலப்படும். பச்சையும் மஞ்சளும் மிகக் குறைவாகவே பதியும். சிவப்பு கிட்டத்தட்ட இருட்டு. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பிளேட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார், அப்படி வந்தவைதான் ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்கள். சிவப்பு வரை எல்லாமே பதியும் பேன்குரோமேட்டிக் பிளேட்கள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகும் பலர் பழைய வகையையே விடாமல் வைத்திருந்தார்கள், இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் வசதி அதில் இருந்தது.

இதன் விளைவு என்ன? ஒரு செம்பருத்தியையும் ஒரு நீலச் சங்குப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் காலத்துப் பிளேட்டில் எடுத்தால், நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற செம்பருத்தி கன்னங்கரேல் என்று வரும், அடர்ந்த நிறமான சங்குப்பூ வெளுத்து வரும். மஞ்சள் பூ சாம்பலாகிவிடும். ஆகவே பழைய படத்தில் ஒரு பூ கறுப்பாக இருந்தால் அது கறுப்பான பூவும் அல்ல, நிழலில் நின்ற பூவும் அல்ல. சிவந்த பூவாக இருக்கலாம். படத்திலுள்ள சாயலை வைத்து நிறத்தை ஊகிக்க முயலாதீர்கள் என்பதுதான் முதல் பாடம். இரண்டாவது, இன்னும் முக்கியமானது: இப்படி நிறம் நம்பத்தகாததாகிவிட்டதால், நல்ல ஒளிப்படக்காரர்கள் நிறத்தை நம்பாத பொருள்களைத் தேடிப் போனார்கள். மொட்டு, தண்டு, விதைக்கூடு, காய்ந்த இலை, கொடிச்சுருள். பூவை எடுத்தாலும் வெள்ளைப் பூவாகப் பார்த்து எடுத்தார்கள். இந்தத் துறையில் லில்லியும் மக்னோலியாவும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

பிரான்சில் அடோல்ஃப் பிரவுன் 1854 வாக்கில் எடுத்த பூப்படங்களை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். துணி டிசைன் செய்பவர். முலூஸ் பகுதி நெசவு அச்சுத் தொழிலுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று கொத்துக்கொத்தாகப் பூக்களை அடுக்கி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து ஆல்பமாகக் கொண்டுவந்தார். இதழ் அடுக்குகளும் இலை வளைவுகளும் செழிப்பாக இருக்கும், ஆனால் பூங்கொத்து ஓவியத்தின் வாசனை இன்னும் போகாத படங்கள். ஒரு செடியைத் தனியாக நிறுத்தி அதன் கட்டமைப்பை மட்டும் பார்க்கச் சொல்லும் துணிச்சல் இன்னும் ஐம்பது வருடம் கழித்துத்தான் வந்தது.

ப்ளாஸ்ஃபெல்ட்

கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் 1865இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் ஷீலோ என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு வார்ப்பிரும்புப் பட்டறையில் சிற்ப வேலை பழகினார். கம்பிக் கதவுகள், கிராதிகள், அவற்றில் இலையும் கொடியுமாக அலங்காரம். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதுவே பாதிப் பதில். பிறகு பெர்லினில் படித்தார். 1890களில் மோரிட்ஸ் மொய்ரர் என்ற ஆசிரியரோடு ரோமில் தங்கி, அலங்காரக் கலை மாணவர்களுக்குப் பாடப்பொருளாகச் செடிகளைச் சேகரித்து அச்சு வார்க்கும் வேலையில் சேர்ந்தார். அங்கேதான் செடிகளைப் படம் எடுக்கவும் தொடங்கினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் பெர்லின் கலைத்தொழில் பள்ளியில் ஆசிரியரானார். உயிருள்ள செடிகளைப் பார்த்து உருவம் செய்வது அவர் எடுத்த பாடம். 1930 வரை அதே வேலை.

செடி வாடிவிடும். வருடம் முழுவதும் கிடைக்காது. சின்ன மொட்டின் அமைப்பை ஒரு வகுப்பு முழுக்கக் காட்ட முடியாது. ஆகவே படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிட்டத்தட்ட ஒரே முறையில் எடுத்தார், சுமார் 6000 படங்கள் என்று சொல்கிறார்கள். செடிகளைப் பூக்கடையில் வாங்கவில்லை, பாதையோரத்திலும் ரயில்பாதைக் கரையிலும் தானாக முளைத்துக் கிடந்தவற்றைப் பறித்துவந்தார். பெரும்பாலும் களைகள்.

எடுத்த விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் சிரமம் தெரிந்தால்தான் அந்தக் கூர்மையின் மதிப்பு தெரியும். பொருளைப் பெரிதாகப் பதிய வைக்க லென்ஸைப் பிளேட்டிலிருந்து வெகுதூரம் தள்ள வேண்டும். 10 செ.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸை வைத்து ஐந்து மடங்கு பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் பிளேட்டுக்கும் லென்ஸுக்கும் இடையே 60 செ.மீ. வேண்டும், அவ்வளவு தூரம் பரவி வருவதால் பிளேட்டில் விழும் வெளிச்சம் 36இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். போதாததற்கு, இவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு, அதைக் கூட்ட லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் இன்னும் குறையும். ப்ளாஸ்ஃபெல்ட் விளக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஜன்னலிலிருந்து வரும் பகல் வெளிச்சம்தான். ஆக ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் செடி அசையாமல் நிற்க வேண்டும், அறையில் காற்று அசையக்கூடாது, செடியும் வாடித் தொங்கக்கூடாது. கேமராவைத் தானே மரத்தில் செய்துகொண்டார். பின்னணிக்கு வெள்ளை, சாம்பல் அல்லது கறுப்பு அட்டை.

அவர் படங்களைப் பார்க்கும்போது பின்னணியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அங்கே ஒன்றுமில்லை. மண் இல்லை, வானம் இல்லை, பக்கத்துச் செடி இல்லை, பெரும்பாலும் நிழல்கூட விழவில்லை. அளவை ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பொருளும் இல்லாததால், இது விரல் நகத்தளவு மொட்டா அல்லது ஆளுயரத் தூணா என்று கண் தடுமாறும். ஈக்விசிட்டம் என்ற, குதிரைவால் என்றும் சொல்லப்படும் செடியின் தண்டுகளை அவர் எடுத்த புகழ்பெற்ற படங்களைப் பார்த்தால் இது புரியும். கணுக்கணுவாக, பல்வரிசை வைத்த வளையங்களோடு நிற்கும் அந்தத் தண்டுகள் உண்மையில் பென்சில் தடிமன்கூட இல்லாதவை, படத்தில் கோயில் தூண்போல எழும்பி நிற்கின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று எண் போட்டிருப்பார். அந்த எண்ணை முதலில் படிக்காதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு அளவை ஊகித்துக்கொண்டு, பிறகு படியுங்கள்.

ஒரு படத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். அடியாண்டம் என்ற பெரணியின் இளந்தளிர்கள். நம் ஊரில் பழைய கிணற்றுச் சுவர்களில் மெல்லிய கறுப்புக் காம்போடு தொங்குமே, அந்த இனத்தின் வட அமெரிக்க உறவு. வெளிர்ந்த பின்னணியில் ஒல்லியான தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒவ்வொன்றின் உச்சியிலும் விரியாத இலை சுருண்டு கிடக்கிறது. முதல் பார்வையில் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். இப்போது சுருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று இறுக்கமாக மூடியிருக்கிறது, இன்னொன்று கொஞ்சம் அவிழத் தொடங்கிவிட்டது, மற்றொன்றில் உள்ளே அடைபட்ட சின்னச் சிற்றிலைகளின் விளிம்பு எட்டிப் பார்க்கிறது. ஒரே தளிர் வெவ்வேறு நாளில் எப்படி இருக்கும் என்பதை வெவ்வேறு தளிர்களை வரிசையில் நிறுத்திக் காட்டிவிட்டார், காலமே அங்கே இடமாக மாறிவிட்டது. அடுத்து தண்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். அந்த இடைவெளிகள் சும்மா விட்டவை அல்ல, தண்டைப் போலவே அவற்றுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. கம்பிக் கிராதி செய்தவருக்கு இது கையில் ஊறிய விஷயம். கிராதியில் கம்பியைவிட இடைவெளிதான் அதிகம்.

அவருடைய பூசணிக் கொடிச்சுருள் படமும் இதே ரகம். இலை இல்லை, காய் இல்லை, வெறும் சுருள்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கத்தில் ஏறியிருக்கும் பூசணியோ சுரையோ கொடியில் ஏற்கெனவே கம்பைப் பற்றிவிட்ட ஒரு சுருளைப் போய்ப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் சுருளின் திசை மாறியிருக்கும், பாதி வலப்புறமாகவும் பாதி இடப்புறமாகவும் முறுக்கியிருக்கும், பழைய லேண்ட்லைன் போன் வயரில் திருகிக்கொள்ளுமே அதே மாதிரி. இரண்டு முனையும் கட்டப்பட்ட பிறகு சுருள வேண்டுமென்றால் வேறு வழியில்லை. படத்தைப் பார்த்துப் பழகிய கண் இதையெல்லாம் செடியிலேயே கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும், எனக்கு இந்தப் படங்கள் தந்த பெரிய லாபம் இதுதான்.

இந்த ஆசிரியர் வெளியுலகுக்குத் தெரியவந்தது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. பெர்லினில் கலைக்கூடம் வைத்திருந்த கார்ல் நீரென்டார்ஃப் 1926இல் இந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1928இல் 'கலையின் மூல வடிவங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் 120 படங்களோடு நூல் வந்தது, உடனே புகழ். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அதே வருடம் மதிப்புரை எழுதினார். பின்னால் 1931இல் ஒளிப்பட வரலாறு பற்றி எழுதும்போதும் ஈக்விசிட்டத்தில் பழங்காலத் தூண்களையும் பெரணியில் பிஷப்பின் நுனி சுருண்ட கைக்கோலையும் இந்தப் படங்கள் வெளிக்கொண்டுவந்தன என்று குறிப்பிட்டார். பாரிசில் ஜார்ஜ் படாய் என்ற எழுத்தாளர் 1929இல் இதே படங்களைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பூ என்பது நாம் நினைக்கிற மாதிரி மென்மையான பொருள் அல்ல என்று எழுதினார். வகுப்பறைப் பாடப்படம் மூன்று வருடத்துக்குள் எங்கெல்லாம் போய்விட்டது பாருங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்கள் செடியை உள்ளது உள்ளபடி காட்டுகின்றன என்று பலர் எழுதுகிறார்கள், அது பாதிதான் சரி. ப்ளாஸ்ஃபெல்ட் தேவையில்லாத இலைகளைக் கழித்தார், சமச்சீரான மாதிரியைத் தேடி எடுத்தார், நெகட்டிவில் டச்சிங் செய்தார், பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டினார். ஒரு தாவரவியலாளருக்குச் செடியை அடையாளம் காண வேரும் இலையும் பூவும் காயும் ஒன்றாக வேண்டும், இங்கே அது கிடைக்காது. இவை செடியைப் பற்றிய ஒரு வாதம். இயற்கையின் வடிவம் தேவையிலிருந்து பிறக்கிறது, கலைஞன் அதிலிருந்து கற்க வேண்டும் என்பது அந்த வாதம். அதை ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். எனக்குச் சமச்சீர் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும் படங்களும் அதில் உண்டு, 120ஐயும் வரிசையாகப் பார்த்தால் செடிகள் எல்லாம் சீருடை போட்டதுபோல ஆகிவிடுகின்றன.

வேறு இருவர்

ப்ளாஸ்ஃபெல்ட் பெர்லினில் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஓட் ஹால் என்ற எஸ்டேட்டில் தோட்டக்காரராக இருந்தவர் சார்லஸ் ஜோன்ஸ். தான் விளைவித்த காய்கறிகளையும் பழங்களையும் பூக்களையும் எடுத்தார். பீன்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ், பிளம்ஸ். கண்ணாடி பிளேட்டில் எடுத்து, தங்க உப்பால் சாயலை மாற்றி (டோன் செய்து) நல்ல பிரிண்ட்களாகப் போட்டு, பின்புறம் வகையின் பெயரும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுதி வைத்தார். யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை. 1959இல் இறந்தார். 1981இல் லண்டன் பெர்மண்ட்ஸி சந்தையில் ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கான பிரிண்ட்கள் விற்பனைக்கு வந்தபோதுதான் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே வெளியே தெரிந்தது. இவர் படங்களில் செடி வேறொன்றாக மாறுவதில்லை. வெங்காயம் வெங்காயமாகவே இருக்கிறது, ஆனால் அதை நட்டு, நீரூற்றி, பிடுங்கிக் கழுவியவரின் பெருமையோடு நிற்கிறது. தோலின் பளபளப்பு, காம்பு வெட்டிய இடம், மண் படிந்த சுருக்கம் எதையும் அவர் மறைக்கவில்லை. ப்ளாஸ்ஃபெல்டைவிட இவரை எனக்குப் பிடிக்கும் நாட்கள் உண்டு.

அமெரிக்காவில் இமோஜன் கனிங்ஹாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1920களில் கலிபோர்னியாவில் மூன்று சின்னப் பையன்களை வளர்த்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு நகர முடியாது, தோட்டத்தில் இருப்பதை எடுப்போம் என்றுதான் செடிகளிடம் வந்தார். 1925இல் எடுத்த மக்னோலியாப் பூ அவருடைய மிகப் புகழ்பெற்ற படம். நம் செண்பகமும் இந்த மக்னோலியாப் பேரினம்தான், ஒரு செண்பகப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் படத்தின் நடுவில் இருப்பது உடனே புரியும்: கூம்பு மாதிரி எழும்பிய சூலகத் தண்டு, அதன்மேல் சுருண்ட முடிகள் போலச் சூல்முடிகள், அடியில் நெருங்கி அடுக்கிய மகரந்தத் தாள்கள். பூ சட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறது, இதழ்கள் ஓரங்களை அடைத்துக்கொள்கின்றன.

இங்கே நீங்கள் தேட வேண்டியது வெள்ளைக்குள் இருக்கும் வித்தியாசம். இதழ் வெள்ளை என்று மனம் சொல்லும், படத்தில் சுத்த வெள்ளை வெகு குறைவான இடத்தில்தான் இருக்கிறது. இதழ் மடங்கும் இடத்தில் மெல்லிய சாம்பல், இன்னொரு இதழின் நிழல் விழும் இடத்தில் அதைவிட ஒரு படி அடர்த்தி, இதழ் வழியாகப் பின்னாலிருந்து வெளிச்சம் ஊறிவரும் இடத்தில் வேறொரு வெளிர்மை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அது இதழின் மேல் எப்படி வழுக்கி எங்கே நிற்கிறது என்று பின்தொடருங்கள். ப்ளாஸ்ஃபெல்ட் படத்தில் கோட்டைப் பின்தொடர்ந்தீர்கள், இங்கே சாயலைப் பின்தொடர்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு இன்பம். 1929இல் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பெரிய ஒளிப்படக் கண்காட்சியில் இவர்கள் இருவரின் படங்களும் இடம்பெற்றன. அந்தக் கண்காட்சிக்கு அமெரிக்கப் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவரான ஒளிப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் அடுத்த வருடம் ஒரு தகரப் புனலுக்குள் குடமிளகாயை வைத்து எடுத்த படம் இன்று எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

எங்கே பார்ப்பது

நெட்டில் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் எந்தப் பிரதி என்று கவனியுங்கள். பகிரப்பட்டுப் பகிரப்பட்டு வரும் ப்ளாஸ்ஃபெல்ட் படங்களில் பாதிக்கு மேல் யாரோ கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டிருக்கிறார்கள், பின்னணி சுண்ணாம்பு வெள்ளையாகவும் செடி தார்க் கறுப்பாகவும் மாறி, நடுவிலிருந்த சாம்பல் சாயல்கள் எல்லாம் செத்துப்போய்க் கிடக்கும். 1928 நூலின் படங்கள் ஒளிச்செதுக்கு முறையில் மையால் அச்சானவை, அவற்றின் கறுப்பு வெல்வெட் போல மங்கலானது, பளபளக்காது. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் தாங்களே ஸ்கேன் செய்து போட்டிருக்கும் பிரதிகளைத் தேடிப் பாருங்கள். நியூயார்க் பொது நூலகம் அட்கின்ஸின் கடற்பாசி நூலை அப்படியே இணையத்தில் வைத்திருக்கிறது. டால்பாட் படங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் பெரிய இணையப் பட்டியல் நடத்துகிறது. ப்ளாஸ்ஃபெல்ட் 1932இல் இறந்துவிட்டதால் அவர் படங்களுக்கு ஐரோப்பாவில் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது, நல்ல ஸ்கேன்கள் கிடைப்பது கஷ்டமில்லை.

முடிந்தால் மொபைலில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் நூறு படம் பார்த்தால் எதுவும் நிற்காது. டால்பாட்டின் ஒரு இலை, அடியாண்டம் தளிர்கள், ஜோன்ஸின் ஏதாவது ஒரு வெங்காயம், கனிங்ஹாமின் மக்னோலியா, இந்த நாலும் முதல் நாளுக்குத் தாராளம். டால்பாட்டில் தடிமனைத் தேடுங்கள், அடியாண்டத்தில் இடைவெளியை, வெங்காயத்தில் தோலை, மக்னோலியாவில் வெளிச்சம் வரும் திசையை.